மல்லிகை தெளிவு, மணமகள் மங்கல்: கேமரா வாங்கும்போது ஆட்டோஃபோகஸ் எவ்வளவு முக்கியம்?

மேற்கு மாம்பலத்தில் என் சித்தி வீட்டுக் கூடத்தில் ஒரு கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. நான் எடுத்ததுதான். சித்தி மகள் தலை குனிந்திருக்க, மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். மாலையில் இருக்கும் மல்லிகை மொட்டுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. மணமகளின் முகம் மட்டும் மார்கழிப் பனியில் நிற்பதுபோல் மங்கல். "பூவெல்லாம் எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது பாருங்கள்" என்று வருகிறவர்களிடம் சித்தி காட்டுவார். பாராட்டுகிறாரா, குத்திக்காட்டுகிறாரா என்பது இத்தனை வருடங்களாகியும் எனக்கு விளங்கவில்லை.

அந்த மங்கலுக்கு என் பழைய கேமராவின் ஆட்டோஃபோகஸ்தான் காரணம் என்று வெகுகாலம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் அக்கா மகள் வந்தாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு, பரதநாட்டியம் கற்றவள், தோழிகளின் அரங்கேற்றங்களைப் படமெடுக்க ஆசை. "மாமா, ஆட்டோஃபோகஸ் நன்றாக இருக்கும் கேமராவைத்தான் வாங்க வேண்டுமாம். மற்றதெல்லாம் காசுக்குக் கேடாம். நிஜமா?" என்று கேட்டாள். அவளைச் சித்தி வீட்டுக்கு அழைத்துப்போய் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினேன். அங்கே அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆறு சென்டிமீட்டர்

லென்ஸ் என்பது குழாய்க்குள் அடுக்கிவைத்த கண்ணாடி வில்லைகள். அவற்றில் சில முன்னும் பின்னும் நகரும். நகர நகர, குறிப்பிட்ட ஒரு தொலைவில் இருக்கும் பொருளிலிருந்து வரும் ஒளி மட்டும், படம் பதியும் சில்லான சென்சாரின் மீது சரியாகக் கூடும். அந்தத் தொலைவில் இருப்பது தெளிவாக விழும். அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை மெல்ல மெல்ல மங்கும். வில்லைகளைச் சரியான இடத்துக்கு நகர்த்துவதுதான் ஃபோகஸ் செய்வது. கையால் வளையத்தைத் திருகினால் மேனுவல் ஃபோகஸ். கேமராவே மோட்டாரை வைத்து நகர்த்தினால் ஆட்டோஃபோகஸ்.

தெளிவாக விழும் பகுதிக்கு ஒரு தடிமன் உண்டு. கேமராக்காரர்கள் டெப்த் ஆஃப் ஃபீல்டு என்பார்கள். நான் தெளிவு ஆழம் என்று சொல்லிக்கொள்கிறேன். அன்று கல்யாண மண்டபத்தில் என்னிடம் இருந்தது 85 மி.மீ. லென்ஸ். அதன் துளையை எஃப் 1.8 என்ற அளவில் முழுதாகத் திறந்துவைத்திருந்தேன். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் கேமரா. மணமக்கள் சுமார் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தார்கள். இந்தக் கணக்கில் தெளிவு ஆழம் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர்தான். மாலை கண்ணைவிட அரைச் சாண் முன்னால் தொங்கியது. கேமரா மாலையைப் பிடித்துக்கொண்டது. முகத்துக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

இதே இடத்தில் சாதாரணமாகக் கேமராவோடு சேர்த்துத் தருகிற 18-55 லென்ஸ் இருந்திருந்தால்? ஏ.பி.எஸ்.சி. எனப்படும் சிறிய சென்சார் கேமராவில் 55 மி.மீ., எஃப் 5.6 (எண் கூடினால் துளை சிறிது), அதே இரண்டு மீட்டர் என்றால் தெளிவு ஆழம் சுமார் 30 சென்டிமீட்டர். மாலையும் தெளிவாக இருந்திருக்கும், முகமும் தெளிவாக இருந்திருக்கும், சித்திக்கும் பூவைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்காது. ஆட்டோஃபோகஸ் அதே தவறைச் செய்திருந்தாலும் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆட்டோஃபோகஸ் முக்கியமா என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. தெளிவு ஆழம் மெலிய மெலிய, தவறுக்கு இடம் குறைகிறது. செல்பேசியில் எடுக்கும்போது ஃபோகஸைப் பற்றி யாரும் கவலைப்படாததற்கும் இதுவே காரணம். அதன் சென்சார் சிறியது, லென்ஸின் உண்மையான குவிய தூரம் சில மில்லிமீட்டர்தான், அதனால் பெரும்பாலும் எல்லாமே தெளிவாக விழுந்துவிடும். செல்பேசிப் படங்களில் பின்னணி மங்கித் தெரிவது பெரும்பாலும் மென்பொருள் பிறகு பூசுகிற பூச்சு.

வானொலித் திருகும் இரண்டு கண்களும்

ஆட்டோஃபோகஸ் புதிதாக வந்ததல்ல. கடைகளில் பரவலாக விற்ற முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா 1977-இல் வந்த கோனிகா சி35 ஏஎஃப். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராக்களில் 1985-இல் மினோல்டா 7000 பெரிய திருப்பம். இரண்டு வருடம் கழித்து, 1987-இல், கேனன், கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயான தன் பழைய லென்ஸ் பொருத்தியையே தூக்கிப்போட்டுவிட்டு, மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைக்கும் இஓஎஸ் அமைப்பைக் கொண்டுவந்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் வயிறெரிந்தார்கள்; ஆனால் இன்று எல்லா நிறுவனங்களும் போய்ச்சேர்ந்திருப்பது அந்த வழிக்குத்தான்.

கேமராவுக்குத் தொலைவு எப்படித் தெரிகிறது? இரண்டு வழிகள். முதலாவதைப் புரிந்துகொள்ளப் பழைய வானொலிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நிலையத்தைப் பிடிக்கத் திருகைத் திருப்புவோம், ஒலி தெளிந்துகொண்டே வரும், உச்சம் எது என்பது அதைத் தாண்டிப்போய் இரைச்சல் வந்த பிறகுதான் தெரியும், திரும்ப வருவோம். படத்தின் விளிம்புகள் எந்த நிலையில் மிகக் கூர்மையாகத் தெரிகின்றன என்று கேமராவும் இதே மாதிரி தேடும். இதற்குக் கான்ட்ராஸ்ட் முறை என்று பெயர். துல்லியமானது, ஆனால் முன்னும் பின்னும் ஒருமுறை தடவித்தான் நிற்கும். வீடியோவில் முகம் தெளிந்து, மங்கி, மறுபடி தெளிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதுதான் இந்தத் தடவல்.

இரண்டாவது வழி நம் இரண்டு கண்களைப் போன்றது. விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை மூடிப் பாருங்கள்; விரல் இடம் மாறித் தெரியும். எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து தொலைவைக் கணக்கிடலாம். லென்ஸின் இடப்பக்கத்திலிருந்து வரும் ஒளியையும் வலப்பக்கத்திலிருந்து வரும் ஒளியையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று கேமரா ஒரே பார்வையில் சொல்லிவிடும். இது ஃபேஸ் முறை. தேடல் கிடையாது, நேரே போய் நிற்கும். ஓடுகிறவற்றைப் பிடிக்க இதுதான் வேண்டும்.

ஒளியைத் திருப்பிவிட உள்ளே முகக்கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் இந்த வேலையைச் செய்யத் தனி உணரி, கண்ணாடிப் பெட்டியின் அடியில் உட்கார்ந்திருந்தது. படம் பதிவது ஓரிடம், தொலைவு அளப்பது வேறிடம். இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் ஃபோகஸ் எப்போதும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழும். ஃபோகஸ் புள்ளிகளும் பெரும்பாலும் நடுவிலேயே கூட்டமாக இருந்தன. கேனன் 2013-இல் 70டி கேமராவில், படம் பதிக்கும் சென்சாரிலேயே ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிரித்துத் தொலைவு அளக்கவைத்தது. அந்தக் கண்ணாடி இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் அளவிடுவதும் பதிவதும் ஒரே இடத்தில் நடக்கின்றன. படத்தின் மூலைவரை அளக்க முடிகிறது. கான்ட்ராஸ்ட் வழியிலேயே பிடிவாதமாக நின்றிருந்த பானசோனிக்கும் 2023-இல் எஸ்5 இரண்டாம் பதிப்போடு ஃபேஸ் முறைக்கு வந்துவிட்டது.

எந்த முறையானாலும் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்போ கோடோ வேண்டும். வெள்ளை வேட்டியின் நடுவில் புள்ளியை வைத்தால் உலகத்தின் விலையுயர்ந்த கேமராவும் தவிக்கும். அதே வேட்டியின் கரைக்குப் புள்ளியை நகர்த்தினால் சட்டென்று நிற்கும். சென்சாரிலேயே அளக்கும் கேமராக்களில் பலவற்றுக்குச் செங்குத்துக் கோடுகள் நன்றாகத் தெரியும், படுக்கைக் கோடுகள் அவ்வளவாகத் தெரியாது. படுக்கைக் கோடுகள் மட்டுமே உள்ள ஜன்னல் திரையில் ஃபோகஸ் நிற்கவில்லையென்றால் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

எதைப் பிடிப்பது, யார் நகர்த்துவது

தொலைவை அளப்பது ஒரு திறமை. எதன் தொலைவை அளப்பது என்று முடிவு செய்வது வேறு திறமை. அண்மைக் காலத்தில் பெரிதாக மாறியிருப்பது இரண்டாவதுதான். லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள் இப்போது கேமராவுக்குள் இருக்கிறது. அது கண்ணைத் தேடும். கண் தெரியாவிட்டால் முகத்தை, முகமும் தெரியாவிட்டால் தலையை. மனிதர், நாய், பூனை, பறவை, கார் என்று பிரித்தறியும் கேமராக்கள் இன்று நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. இந்தத் திறமை வாங்கிய பிறகும் வளரும்: நிகான் இசட்9 கேமரா 2021-இல் வந்தது, பறவைகளுக்கென்று தனி முறை அதற்கு 2023-இல் மென்பொருள் புதுப்பிப்பில் வந்தது.

என் மாம்பலம் படத்தில் தோற்றது இந்த இரண்டாவது திறமைதான். முதலாவது அல்ல. கேமரா தொலைவைத் தவறாக அளக்கவில்லை. மாலையின் தொலைவை மிகத் துல்லியமாக அளந்தது. "எல்லாப் பகுதியிலும் நீயே பார்த்துக்கொள்" என்று நான் அதை விட்டிருந்தேன். அந்த நிலையில் பழைய கேமராக்கள் பொதுவாகக் கைக்கு எட்டும் பொருளை, அதாவது மிக அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து அதை மணமகளின் கண்ணில் வைக்க அந்தக் கேமராவிலேயே வழி இருந்தது. நான்தான் கையேட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணைத் தேடும் இன்றைய கேமராவாக இருந்தால் என் சோம்பலை அது மூடி மறைத்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது திறமை ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அளந்தாயிற்று, முடிவும் செய்தாயிற்று. வில்லைகளை நகர்த்துவது யார்? மோட்டார். இன்று அது லென்ஸுக்குள் இருக்கிறது. கேமரா எவ்வளவு விரைவாகக் கட்டளையிட்டாலும், மோட்டார் மெதுவாக நகர்ந்தால் படம் போய்விடும். கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் வந்த பதிப்பு வண்டு சுற்றுவதுபோல் சத்தம் போடும். 2015-இல் எஸ்.டி.எம். என்ற வேறு வகை மோட்டாரோடு வந்த பதிப்பு அதைவிட அமைதி, வீடியோவுக்கும் உகந்தது. கேமரா அதேதான், லென்ஸ் மாறினால் அனுபவமே மாறிவிடும்.

பழைய பொருள் வாங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நிகானின் பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது; கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் அவற்றைத் திருகும். ஆனால் நிகானின் டி3000, டி5000 வரிசைகளில் வந்த ஆரம்பநிலை கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை வாங்கி டி5600-இல் மாட்டினால் கையால்தான் திருகிக்கொண்டிருக்க வேண்டும். நிகானின் இசட் கேமராவில் எஃப்டிஇசட் அடாப்டர் வைத்து மாட்டினாலும் அதே கதை. கேனனின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டரோடு புதிய ஆர் வரிசைக் கேமராக்களில் நன்றாகவே ஆட்டோஃபோகஸ் செய்கின்றன. 1987-இல் வயிறெரிந்தவர்களின் பிள்ளைகளுக்காவது அதனால் பலன் கிடைத்தது. பழைய லென்ஸ் எதை வாங்கினாலும், கையில் இருக்கும் விளக்கை உள்ளே அடித்து, சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது மிகவும் பிடித்த வீடு.

உங்கள் பக்கம் ஓடி வருகிறதா?

இப்போது மீதிப் பாதி விடை. நகர்கிற பொருள் எல்லாமே கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நமக்கும் அதற்கும் உள்ள தொலைவு மாறுகிறதா என்பதுதான் கேள்வி. தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் மாலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதைப் பக்கவாட்டில் நின்று எடுத்தால், பந்துவீச்சாளர் இடமிருந்து வலமாக ஓடுகிறார். தொலைவு அதிகம் மாறுவதில்லை. ஃபோகஸுக்குப் பெரிய வேலை இல்லை. அதே பந்துவீச்சாளரை விக்கெட் கீப்பரின் பின்னால் நின்று எடுங்கள். நம்மை நோக்கி நேரே வருகிறார். ஒவ்வொரு நொடியும் தொலைவு குறைகிறது. கேமராவின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு குழந்தை நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி ஓடி வருகிறது என்று வையுங்கள். நொடிக்குப் பத்துப் படம் எடுத்தால் இரண்டு படங்களுக்கு இடையில் அது 30 சென்டிமீட்டர் நெருங்கிவிடும். உங்கள் தெளிவு ஆழம் ஆறு சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு படத்துக்கும் கேமரா மறுபடி அளந்து, அடுத்த நொடித்துளியில் குழந்தை எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து, லென்ஸை அங்கே கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். இதற்குத் தொடர் ஃபோகஸ் என்று பெயர். கேனனில் சர்வோ, மற்றவற்றில் பெரும்பாலும் ஏஎஃப்-சி. அசையாத பொருளுக்கான ஏஎஃப்-எஸ் முறையில் ஒருமுறை பூட்டினால் பூட்டியதுதான். ஓடும் குழந்தையை அந்த முறையில் எடுத்துவிட்டுக் கேமராவைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

பள்ளிக்கரணைக்கு வாருங்கள். உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்குத் தரும் ராம்சர் தகுதியை 2022-இல் பெற்ற சதுப்புநிலம்; 200 அடி சாலையோரத்தில் விடிகாலையில் நீண்ட லென்ஸோடு நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கூழைக்கடா பறப்பதைப் பிடிப்பது எளிது. பெரிய உடல், நிதானமான சிறகடிப்பு, பின்னால் வெற்று வானம். சாதாரண ஆட்டோஃபோகஸே போதும். நீலத் தாழைக்கோழி நடக்கத்தான் நடக்கிறது, ஆனால் கோரைகளுக்கு நடுவில் நடக்கிறது. பறவையை விட்டுவிட்டுக் கோரையைப் பிடிக்கும் கேமராவை அங்கே நிறையச் சபிப்பீர்கள். பறவையை அடையாளம் காணும் மென்பொருளுக்குக் கொடுத்த காசு இந்த இடத்தில் திரும்பி வரும். தகைவிலான், ஆலா, நீருக்குள் பாயும் மீன்கொத்தி ஆகியவை கடைசித் தேர்வுத்தாள். இவற்றை எடுப்பதே உங்கள் ஆசை என்றால், ஆட்டோஃபோகஸை முதல் தகுதியாக வைத்துக் கேமரா தேடுவதில் தவறே இல்லை.

சதுப்புநிலம் போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. குளிரூட்டிய காரிலிருந்து கேமராவை எடுத்து நேரே வெளியே நீட்டினால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். எதிலும் ஃபோகஸ் நிற்காது, நின்றாலும் படம் புகையாகத் தெரியும். கேமரா கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள். பையோடு பத்து, இருபது நிமிடம் வெளியே வைத்தால் சரியாகிவிடும்.

அக்கா மகளின் அரங்கேற்றப் படங்கள் இன்னொரு வகைச் சோதனை. சபா மேடையில் ஆடுகிறவர் முன்னே வருவார், பின்னே போவார், சட்டென்று முழுமண்டியில் அமர்வார். பெரும்பாலும் தொலைவு கொஞ்சமே மாறும். வேகம் அங்கே பெரிய எதிரி இல்லை. இருட்டுதான் எதிரி. ஃபிளாஷ் போடக்கூடாது. நடுவில் நீலமும் சிவப்பும் மாறி மாறி அடிப்பார்கள். கேமரா விளம்பரத்தில் "மைனஸ் ஆறு இ.வி. வெளிச்சத்திலும் ஃபோகஸ் செய்யும்" என்பது போல ஓர் எண் இருக்கும். எண் எவ்வளவுக்கு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு இருட்டில் வேலை செய்யும் என்று பொருள். ஆனால் அந்த எண்ணை அளக்கும்போது மாட்டியிருப்பது பெரும்பாலும் எஃப் 1.2 போன்ற அகலத்துளை லென்ஸ். எஃப் 5.6 லென்ஸ் வழியாக உள்ளே போகும் ஒளி, எஃப் 1.4 லென்ஸ் வழியாகப் போவதில் 16-இல் ஒரு பங்குதான். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறுகிறது என்றால், புதுக் கேமராவைவிட அகலத்துளை லென்ஸ் ஒன்று அதிகம் உதவும்.

இருட்டு அரங்குப் படங்களில் இன்னொரு குழப்பமும் வரும். மங்கலாக இருக்கும் எல்லாப் படத்துக்கும் ஃபோகஸ்தான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆடுகிறவர் மங்கலாக இருக்க, பின்திரையோ நட்டுவாங்கம் செய்பவரின் தாளமோ தெளிவாக இருந்தால் அது ஃபோகஸ் தவறு. எங்குமே தெளிவில்லை, எல்லாம் ஒரே திசையில் இழுத்ததுபோல் இருந்தால் கை ஆடியிருக்கிறது. உடல் தெளிவாக இருக்க, கையும் சலங்கைக் காலும் மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பின்னவை இரண்டையும் உலகத்தின் எந்த ஆட்டோஃபோகஸும் தீர்க்காது. புதுக் கேமரா வாங்கத் துடிக்கிறவர்கள் முதலில் பழைய படங்களில் இருபதை எடுத்து இப்படிப் பிரித்துப் பார்த்தால் பலருக்குச் செலவு மிச்சமாகும்.

தேவையே இல்லாத இடங்கள்

மெரினாவில் சூரியோதயம், கபாலீசுவரர் கோவில் கோபுரம், மாமல்லபுரத்துச் சிற்பங்கள், தட்டில் வைத்த தோசை. இவற்றில் எதுவும் ஓடப்போவதில்லை. பத்து வருடப் பழைய கேமராவும் போதும்.

தெருப் படம் எடுக்கிறவர்கள் ஆட்டோஃபோகஸையே அணைத்துவிடலாம். 18 மி.மீ. லென்ஸ், ஏ.பி.எஸ்.சி. கேமரா, எஃப் 8. கையால் இரண்டு மீட்டரில் ஃபோகஸை வைத்துவிட்டால், ஒரு மீட்டரிலிருந்து அடிவானம்வரை எல்லாமே தெளிவாக விழும். சௌகார்பேட்டைச் சந்துகளில் இப்படி நடந்து பாருங்கள். கேமரா எதையும் தேடாது, கட்டைவண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் படம் பதிந்துவிடும். வேகத்தில் இதை எந்த ஆட்டோஃபோகஸும் வெல்ல முடியாது, ஏனென்றால் இங்கே ஃபோகஸ் செய்ய எடுக்கும் நேரம் சுழியம்.

கோடம்பாக்கத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. கோடிகளைக் கொட்டி எடுக்கும் படங்களில் இன்றும் பெரும்பாலும் ஃபோகஸைக் கையால் திருப்புவது ஒரு மனிதர்தான். ஃபோகஸ் புல்லர் என்று பெயர். நடிகரின் கண்ணுக்கும் கேமராவுக்கும் டேப் பிடித்து அளந்து, தரையில் குறியிட்டு, நடிகர் நடக்க நடக்கத் திருப்புவார். எப்போது ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தெளிவு நகர வேண்டும் என்பது கதையின் முடிவு. அதைக் கேமரா எடுக்க முடியாது. இதற்கு நேர் எதிர், தன்னந்தனியாகக் கேமராவை நட்டுவைத்து அதன் முன்னால் பேசுகிற சமையல் வீடியோக்காரர். அவருக்கு ஃபோகஸ் புல்லரும் இல்லை, பின்னால் நின்று பார்க்க ஆளும் இல்லை. முகத்தை விடாமல் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அவருக்குச் சோறு போடுகிற விஷயம்.

வாங்கும்போது

கேமரா வாங்குவது என்பது உண்மையில் ஒரு லென்ஸ் பொருத்திக்குள் குடிபோவது. கேமராவை நாலைந்து வருடத்தில் மாற்றிவிடுவோம், லென்ஸ்கள் கூடவே இருக்கும். அதனால் ஆட்டோஃபோகஸை ஒப்பிடும்போது, உங்களுக்குத் தேவையான லென்ஸ் அந்தப் பொருத்தியில் கட்டுப்படியாகும் விலைக்கு, நல்ல மோட்டாரோடு கிடைக்கிறதா என்று பாருங்கள். சோனியின் இ பொருத்திக்கு சிக்மா, டாம்ரான் போன்ற வெளி நிறுவனங்களின் லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. அதிலும் ஒரு சின்னக் கட்டு உண்டு: சோனி கேமரா எவ்வளவு வேகமாக எடுத்தாலும் வெளி நிறுவன லென்ஸோடு தொடர் ஃபோகஸில் நொடிக்கு 15 படம்தான். பறவைக்காரரைத் தவிர வேறு யாரும் இதற்காகக் கண்ணீர் விட வேண்டாம். கேனன் தன் ஆர்எஃப் பொருத்தியைப் பல வருடம் பூட்டியே வைத்திருந்து, 2024-இல் ஏ.பி.எஸ்.சி. லென்ஸ்களுக்காக மட்டும் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவைக் கொஞ்சம் திறந்தது.

ஃபோகஸ் புள்ளிகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 425 என்றும் 693 என்றும் 1053 என்றும் அட்டையில் போடுவார்கள். புள்ளி அதிகமானால் நல்லதுதான். ஆனால் சரியான கண்ணில் ஒரு புள்ளி உட்கார்ந்தால் போதும். 2019-இல் வந்த சோனி ஏ6400 கேமராவே கண்ணைத் தேடிப் பிடித்துத் தொடரும். அதற்குப் பின் முன்னணி நிறுவனங்கள் விட்ட மிரர்லெஸ் கேமராக்களில், வீட்டு விசேஷமும் பயணமும் எடுக்கிறவர் திணறும் அளவுக்கு மோசமான ஆட்டோஃபோகஸை நான் அதிகம் பார்க்கவில்லை. இது என் அனுபவக் கணிப்பு. பறவை எடுக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கடையில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கூட ஒருவரை அழைத்துப்போங்கள். அவரை வாசலிலிருந்து உங்களை நோக்கிச் சாதாரணமாக நடந்து வரச் சொல்லுங்கள். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, தொடர் ஃபோகஸையும் கண் அடையாளத்தையும் போட்டு, ஷட்டர் வேகத்தை நொடியில் 500-இல் ஒரு பங்குக்குக் குறையாமல் வைத்து, இருபது படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் கண்ணைப் பெரிதாக்கி, இமைமுடி தெரிகிறதா என்று எண்ணுங்கள். கடையின் குழல்விளக்கு வெளிச்சம் இதற்குப் போதும். ஆனால் அரங்கேற்றத்துக்கும் சதுப்புநிலத்துக்கும் அது விடை சொல்லாது. வடபழனி, சாலிகிராமம் பக்கம் கேமராவை ஒரு நாள் வாடகைக்குத் தருகிறார்கள். நீங்கள் எடுக்கப்போவதையே எடுத்துப் பார்ப்பதற்கு அந்த வாடகையை நான் எப்போதும் செலவாகக் கருதியதில்லை.

அக்கா மகளும் அப்படித்தான் செய்தாள். இரண்டு கேமராக்களை வாடகைக்கு எடுத்தாள். ஒன்றின் விலை மற்றதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டிலும் ஒரே லென்ஸ். திருவான்மியூரில் தோழியின் ஒத்திகை. விளக்கைக் குறைத்துவிட்டு, ஒவ்வொன்றிலும் இருபது படம். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கண்களை எண்ணினோம். விலை குறைந்ததில் பதினேழு, விலை கூடியதில் பதினெட்டு. அவள் இன்னொரு முறை எண்ணினாள். அதேதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, மிச்சப் பணத்துக்கு 85 மி.மீ. லென்ஸ் வருமா?" என்று கேட்டாள்.